இலை மடிக்கிற கை

பாளையங்கோட்டை ஆய்வகத்தில் அன்று இலைச் சாப்பாடு. போட்டவர் டாக்டர் ஆவுடையப்பன். ஐம்பது வயதில் கிளினிக்கைப் பூட்டிவிட்டு, தன்னைவிட இளையவரான பேராசிரியர் சங்கரவடிவிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தவர். அப்போது ஊரே சிரித்தது. இப்போது அவருடைய மருந்து, கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுநோய்ச் செல்களை வளரவிடாமல் நிறுத்திக் காட்டிவிட்டது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. புரியாவிட்டால்தான் என்ன, உழைத்தவர் அல்லவா!

பாயசம் முடிந்ததும் ஆவுடையப்பன் பேராசிரியரின் பக்கத்தில் வந்து நின்றார்.

“மேடம், நாளைக்கு எலிகளுக்கு மருந்தை முழு அளவா குடுத்திரட்டுமா? புற்றை வளர்க்கிற அந்த நொதி அடியோட நின்னுரும்.”

“அப்படி என்ன செஞ்சிட்டு அது?”

“புரதத்தைத் தப்பான பக்கம் மடிக்கு. ஒண்ணும் கூட்டலை, குறைக்கலை. வெறும் மடிப்பு. அதைப் பார்த்துட்டு செல் வளர ஆரம்பிச்சிருது.”

பேராசிரியர் தன் இலையின் கீழ்விளிம்பைப் பிடித்து எதிர்ப்பக்கமாக மடித்தார். அப்படி மடிப்பது துக்க வீட்டில்தான்.

ஆவுடையப்பனுக்கு முகம் செத்துப்போனது. மனைவி கோமதி விடியலிலிருந்து அடுப்படியில் நின்று சமைத்த சாப்பாடு அது.

“என்ன மேடம் இப்படிப் பண்ணிட்டிய? என்ன குறை வச்சோம்?”

“ஒரு குறையும் இல்ல அண்ணாச்சி. இலை அதே இலைதான்.” பிரித்துத் தன் பக்கமாக மடித்தார். “இப்போ?”

அவருக்குப் போன உயிர் வந்தது. கூடவே கர்வமும் வந்தது. “நான் சொன்னதும் அதான மேடம். தப்பு மடிக்கிற கையில இருக்கு. கையைக் கட்டிப்போட்டா தீந்துது.”

“உங்களை நெனச்சா எனக்கு அவ்வளவு பெருமையா இருக்கு அண்ணாச்சி. சரி, கட்டிருவோம்.”

பேராசிரியர் இலையை விரித்துவிட்டு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

கோமதி சோற்றுடன் வந்தாள். இலை விரிந்திருந்தது, வைத்தாள். சாம்பார் ஊற்றினாள். பேராசிரியர் கட்டிய கையைப் பிரிக்கவில்லை. அடுத்த சுற்றிலும் இலை விரிந்தே கிடந்தது. கோமதிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அள்ளி அள்ளி வைத்தாள். சோறு குவிந்து, சாம்பார் வழிந்து பேராசிரியரின் புடவையைத் தொட்டது.

“போதும் கோமதி, நிறுத்து,” என்று ஆவுடையப்பன் பதறினார். “மேடம், இலையை மூடுங்க.”

“எதை வச்சு மூட அண்ணாச்சி? சரியான பக்கம் மடிக்கிறதும் இதே கைதான். அதைத்தான் கட்டிப்போட்டுட்டியளே.”