ஒரு கேபிளுக்குள் இருவர்

நாகப்பட்டினத்தில் ஒரு நாட்டிய அரங்கு. அன்று மாலை அங்கே செண்பகலட்சுமி ஆட வேண்டும். ஆனால் அவளுக்குப் பாட வேண்டியவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஒத்திகையில் மிருதங்கத்தோடு அவர் பாடியதெல்லாம் உள்ளங்கை அளவு மியூசிக் பிளேயர் ஒன்றில் பத்திரமாக இருந்ததே ஒரு நல்ல காலம்.

அரங்கின் ஒலியைப் பார்த்துக்கொள்பவள் மெஹ்ருன்னிசா, செண்பகத்தின் பள்ளித் தோழி. பிளேயரின் ஹெட்போன் துளையில் ஒரு வயரைச் செருகி ஆம்ப்ளிஃபயரோடு இணைத்தாள். பாட்டு வந்தது. கூடவே வண்டு புகுந்த மாதிரி ஓர் இரைச்சலும் வந்தது.

நாலு அடி ஆடிய செண்பகம் நின்றுவிட்டாள்.

"மெஹ்ரு, இந்த இரைச்சல்ல மிருதங்கமே சரியாக் காதுல விழல. தாளச் சொல்லு கேக்காம நான் எங்க காலை வைக்கிறது? பேசாம ரத்து பண்ணிடலாம்டி."

"ரத்தா? கொழந்தை பொறந்தப்புறம் இன்னைக்குத்தான் மேடை ஏறுற. ஆட்டம் உன் பொறுப்பு, சத்தம் என் பொறுப்பு. போய்ச் சலங்கையைக் கட்டு."

பிளேயரில் இன்னொரு துளை இருந்தது. அதன் வழியாகப் பாட்டு ஒலியாக வராது, எண்களாக வரும். அந்த எண்களை வாங்கிப் பாட்டாக்கும் துளை ஆம்ப்ளிஃபயரின் முதுகில் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் போட வேண்டிய கேபிள்தான் கடைத்தெருவில் எங்கும் கிடைக்கவில்லை.

"கெடைக்கலைன்னா என்ன, செஞ்சுட்டாப் போச்சு" என்றாள் மெஹ்ருன்னிசா. டிவிக்கு இழுத்ததில் மிஞ்சிய கேபிள் துண்டு ஒன்றை எடுத்து, கத்தியால் அதன் கறுப்புத் தோலைச் சீவினாள்.

வெளிச்சம் பட்டதும் உள்ளே இருந்தவர்கள் விழித்துக்கொண்டார்கள். நடுவில் ஒரு செம்புக்கம்பி. அதைச் சுற்றி ஒரு வெள்ளை உறை. அதற்கும் மேலே, மெல்லிய இழைகளால் பின்னிய ஒரு வலை.

"நம்மை எதற்கு எழுப்புகிறார்கள்?" என்று வலை கேட்டது.

"பாட்டைக் கொண்டுபோக" என்றது வெள்ளை உறை.

"அப்படியென்றால் என்னைத்தான் எழுப்பியிருக்கிறார்கள்" என்று செம்புக்கம்பி நிமிர்ந்துகொண்டது. "பாட்டு என் வழியாகத்தான் போகும்."

"எனக்கு?"

"வெளியிலிருந்து வரும் இரைச்சலை நீ வாங்கித் தரையில் விட வேண்டும். அது இவனை அண்டக் கூடாது" என்றது உறை.

வலைக்குச் சுருக்கென்றது. "அவனுக்குப் பாட்டு, எனக்கு இரைச்சலா? ஒரே ஒரு முறை நானும் அதைத் தொட்டுப் பார்க்கக் கூடாதா?"

"தொடாதே. அதற்குத்தான் நான் நடுவில் இருக்கிறேன்."

மெஹ்ருன்னிசா செம்புக்கம்பியை, துளையில் செருகும் பின்னின் நடு முனையிலும், வலையை முறுக்கிப் பின்னின் வெளி விளிம்பிலும் வைத்து ஈயம் உருக்கிப் பற்றவைத்தாள். உறை முடிகிற இடத்தில் இருவரும் வெகு அருகில் இருந்தார்கள். அவள் பின்னின் மூடியைத் திருகும் நேரத்தில், வலை தன் இழைகளில் ஒன்றை மெல்ல நீட்டியது. மயிரைவிட மெல்லிய இழை. அது செம்புக்கம்பியைத் தொட்டுவிட்டது.

பிளேயரை ஓடவிட்டாள். பாட்டும் இல்லை, இரைச்சலும் இல்லை. ஒரேயடியாக மௌனம்.

"என்ன செய்தாய்?" என்று செம்புக்கம்பி பதறியது. "என் கையில் வந்தது வழியிலேயே நழுவிப்போகிறதே!"

"எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை" என்றது வலை. ஆசைப்பட்டதைத் தொட்ட இடத்திலேயே அது காணாமல் போயிருந்தது.

செண்பகம் சலங்கையோடு ஓடிவந்தாள். "சனங்க வர ஆரம்பிச்சுட்டாங்கடி. ஒண்ணுமே கேக்கலையே!"

"மொதல்ல இழுத்து மூச்சு விடு" என்ற மெஹ்ருன்னிசா, கேபிளில் மீட்டரை வைத்தாள். அது கீச்சென்று கத்தியது. "பாத்தியா, உள்ளுக்குள்ள எங்கயோ ஒட்டிக்கிட்டிருக்கு." மூடியைக் கழற்றியதும் அந்த ஒற்றை இழை கண்ணில் பட்டுவிட்டது.

"அதைப் பிச்சு எறிஞ்சுடேன்" என்றாள் செண்பகம்.

"எதுக்கு எறியணும்? இடம் மாறி நிக்குது, அவ்வளவுதான். இப்படி ஒவ்வொண்ணாப் பிச்சு எறிஞ்சா, மறுபடியும் இரைச்சல் வந்து குந்திக்கும்."

இழையைப் பின்னுக்கு இழுத்து மற்ற இழைகளோடு முறுக்கி, மறுபடி ஈயம் வைத்தாள். மீட்டர் இப்போது கத்தவில்லை. பிளேயரை ஓடவிட்டாள்.

முதலில் சுருதி. பிறகு மிருதங்கத்தின் ஒவ்வொரு சொல்லும், விரல் தோலில் படுவதே தெரிகிற மாதிரி. செண்பகத்தின் கால் தன்னையறியாமல் ஒரு தட்டுத் தட்டியது. அவள் சிரித்துவிட்டாள்.

மாலையில் அரங்கு நிறைந்தது. திரை விலகியது, செண்பகம் ஆடத் தொடங்கினாள்.

கேபிள் மேடை ஓரத்தில் கிடந்தது. மேலே விளக்குகளுக்குப் போகும் தடித்த வயர்கள் உறுமின. முன்வரிசையில் யாருடைய செல்போனோ துடித்தது. பக்கத்தில் மின்விசிறி கரகரத்தது. அத்தனை இரைச்சலும் திரண்டு வந்து வலையின் மேல் விழுந்தது. வலை ஒவ்வொன்றையும் வாங்கித் தரையில் விட்டது. ஓர் இழைகூட அசையவில்லை. அப்போதுதான் ஒலிபெருக்கியிலிருந்து வந்த பாட்டை, அரங்கில் இருந்த எல்லோரோடும் சேர்ந்து அதுவும் கேட்டது.

உள்ளே செம்புக்கம்பி சொட்டும் சிந்தாமல் பாட்டைக் கடத்திக்கொண்டிருந்தது. ஒரு கணம் அதற்குச் சந்தேகம் வந்தது.

"வெளியே யாருமே இல்லையா? ஒரு சத்தமும் காணோமே."

மேலே விளக்கு வயர்கள் இன்னொரு முறை உறுமின. அதையும் வாங்கிக்கொண்டு வலை சொன்னது:

"அமைதியாகத்தான் இருக்கிறது. நீ போ."