கபோதி வாரான்

பாளையங்கோட்டையில் ஒரு சைக்கிள் கடை மாடி. அங்கேதான் சிவசைலம் வாத்தியார் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்தார். ஊரில் கம்ப்யூட்டர் இருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம், அந்தக் காலம். காசு வாங்கமாட்டார். அங்கே எழுதுகிற புரோகிராமை யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம். அது ஒன்றுதான் சட்டம்.

மிக்கேல் என்று ஒருவன் வருவான். பிறவியிலேயே பார்வை கிடையாது. வாய்க்குக் குறைவில்லை. கம்பைத் தட்டிக்கொண்டு படியேறும்போதே, "கபோதி வாரான், வழிய விடுங்கல" என்பான். சிரித்துக்கொண்டே எல்லாரும் நாற்காலியை நகர்த்துவார்கள்.

பார்வையில்லாதவர்களுக்குத் திரையில் உள்ளதை வாசித்துக்காட்ட, அவனும் வாத்தியாரும் சேர்ந்து ஒரு புரோகிராம் செய்தார்கள். குரல் மிக்கேலுடையது. மூன்று மாதம் அவன் பேசிப் பதிந்த சொற்களை நறுக்கி ஒட்டி, எதைக் கொடுத்தாலும் வாசிக்கிற மாதிரி ஆக்கினார்கள். ஒவ்வொரு வாக்கியமும் முடிந்ததும் அவன் லேசாக ஒரு மூச்சு விடுவான். அதை வெட்ட வாத்தியாருக்கு மனசு வரவில்லை.

பெயர் வைத்ததும் மிக்கேல்தான். கபோதி. திறந்தவுடன் அவன் குரலே வரும்: "கபோதி வாரான், வழிய விடுங்கல."

மறுவருஷம் ஒரு காய்ச்சலில் மிக்கேல் போய்விட்டான். அவன் தம்பி சவரிமுத்து அதுவரை கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. அண்ணன் குரல் நின்றுவிடக் கூடாது என்றுதான் வாத்தியாரிடம் வந்து சேர்ந்தான். பதினாறு வருஷம் ஓடிவிட்டது. இப்போது அந்தப் புரோகிராமில் எதை மாற்றுவதென்றாலும் கடைசியில் சரி என்று சொல்ல வேண்டியவன் அவன்தான்.

அப்போதுதான் முப்புடாதி என்ற பெண்ணிடமிருந்து கடிதம் வந்தது. அவளுக்கும் பார்வை இல்லை. ஓர் அலுவலகத்தில் வேலை. பெயரை மாற்றச் சொல்லி எழுதியிருந்தாள்.

புரோகிராமைப் பார்த்துக்கொள்கிற குழுவில் ஒரு வாரம் ஒரே சண்டை. தமாஷுக்கு வைத்த பெயர்தானே என்றார்கள் சிலர். வெளியே சொல்லவே கூசுகிறது என்றார்கள் சிலர். கலெக்டர் என்று மாற்றிவிடுவோம், திறந்ததும் எல்லாரும் எழுந்து நிற்பார்கள் என்றான் ஒருவன்.

சவரி மாடியேறி வந்தான்.

"எங்க அண்ணன் வச்ச பேரு, வாத்தியாரே. அவன் தன்னைத்தானே சொல்லிக்கிட்டது. அதை அழிக்கச் சொல்லுதாங்க. அழிக்கலாமா?"

"கடுதாசியப் படிச்சியா?"

"நாலு தடவை படிச்சேன்."

"கண்ணாலயா?"

சவரிக்கு விளங்கவில்லை. வாத்தியார் மிஷினைத் திறக்கச் சொன்னார்.

"கபோதி வாரான், வழிய விடுங்கல" என்றான் மிக்கேல். இரண்டு பேருமே தங்களை அறியாமல் காலை இழுத்துக்கொண்டார்கள். அப்புறம் சிரிப்பு வந்தது.

"இப்ப அதை வாசிக்கச் சொல்லு."

சவரி கடிதத்தைக் கொடுத்தான். அண்ணன் குரல் வாசிக்க ஆரம்பித்தது.

"ஐயா, இந்தக் குரல் இல்லையென்றால் எனக்கு வேலை இல்லை." ஒரு மூச்சு. "முதல் நாள் அலுவலகத்தில் எல்லார் காதிலும் விழுந்தபோது நானும் சிரித்தேன்." ஒரு மூச்சு. "இப்போது இயர்போன் மாட்டிக்கொண்டுதான் கேட்கிறேன். ஆனால் நான் வாசலில் வரும்போதே கபோதி வாரா, வழிய விடுங்க என்கிறார்கள். மூன்று வருஷமாக நான் கடைசி ஆளாகத்தான் வீட்டுக்குப் போகிறேன், எல்லாரும் போன பிறகு. பெயரை மாற்றித் தருவீர்களா?"

ஒரு மூச்சு.

கீழே சைக்கிளுக்குக் காற்றடிக்கிற சத்தம் கேட்டது.

"இது அந்தப் பொண்ணு எழுதினது, வாத்தியாரே" என்றான் சவரி.

"எழுதினது அவதான்" என்றார் வாத்தியார். "உங்கிட்ட வந்து கேக்கது யாருல?"

சவரி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.