வீடு தெரியாமல் ஜோடித்த கதை

ஒரு வாசலுக்கு மாவிலைத் தோரணம் கட்ட எத்தனை ஆள் வேணும், சொல்லுங்க பார்ப்போம்? இடுப்பில் பிள்ளை, அடுப்பில் குழம்பு என்று நிற்கிற பொம்பளை ஒருத்தி போதும். ஓலைக்குளத்தில் மூன்று ஆம்பளைகள் கட்டினார்கள். கட்டினார்கள் என்று சொல்வதும் ஒரு மரியாதைக்குத்தான்.

மூத்தவன் சடையாண்டி, நடுவுலவன் மொக்கராசு, இளையவன் விருமன். மூன்று பேருக்கும் மீசை நன்றாக முளைத்திருந்தது. அதற்கு மேலே தலைக்குள் ஒன்றும் முளைக்கவில்லை. இவர்களுக்கு ஒரே தங்கச்சி செல்லக்கிளி. தாய் தகப்பன் இல்லாத அந்த வீட்டில் நேரத்துக்கு உலை கொதித்தது அவளால்தான்.

அவளைப் பெண் பார்க்க ஏற்கெனவே இரண்டு இடத்திலிருந்து வந்து போயிருந்தார்கள். முதலில் வந்தவர்கள், "பொண்ணுக்கு என்னென்ன தெரியும்?" என்று கேட்டார்கள். சடையாண்டி நன்றாக யோசித்து, "எங்க மூணு பேரைத் தெரியும். தெருவுல எல்லாரையும் தெரியும். உங்களைத்தான் தெரியாது" என்றான். அடுத்து வந்தவர்களிடம் மொக்கராசு, "இதை உங்க வீடா நெனச்சுக்கங்க" என்றான். அவர்கள் கிளம்பியபோது, "சொந்த வீட்டை விட்டுட்டு எங்க போறீங்க?" என்று கதவைப் பூட்டிவிட்டான். பொழுது சாய்கிற வரை திறக்கவில்லை.

இது மூன்றாவது இடம். மாப்பிள்ளை பக்கத்து ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தான். அவனைச் சந்தையில் பார்த்த நாளிலிருந்தே செல்லக்கிளிக்குப் பிடித்துப்போயிருந்தது. இதுவும் கைநழுவினால் காலம் பூரா இந்த மூன்று பேருக்கும் பொங்கிப் போட்டுக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே அண்ணன்மாரை வாசலில் நிறுத்திச் சொன்னாள்: "காசு ஒண்ணும் செலவழிக்க வேண்டாம். வீட்டுல இருக்கிறதை வச்சே ஜோடிப்போம். பழைய கல்யாணப் பத்திரிகை கட்டுக்கட்டாக் கிடக்கு, பூப்பூவா வெட்டுங்க. மாவிலையைக் கோத்துத் தொங்கவிடுங்க. வேம்பு பூத்துக் கிடக்கு, நாலு கொத்து செருகுங்க. வர்றவங்களுக்கு வீடே தெரியக் கூடாது, பூவும் இலையுமாத்தான் தெரியணும்."

சொல்லிக்கொண்டே சணல் கயிற்றின் ஒரு முனையை வாசல் நிலையில் இருந்த ஆணியில் கட்டி, மறுமுனையை விருமன் கையில் கொடுத்தாள். அதற்குள் நாலு வீடு தள்ளியிருக்கிற ஒச்சம்மா அத்தை, தலை சீவிவிடக் கூப்பிட்டாள். "நான் வந்து சொல்ற வரைக்கும் விட்டுறாதண்ணே" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

முதல் வேலை பத்திரிகை. மொக்கராசு கத்தரிக்கோலைக் கீழே வைத்தான்.

"அண்ணே, இதுல குடும்பத்தோட வாங்கன்னு கூப்பிட்டிருக்காங்க. கூப்பிட்ட கல்யாணத்துக்குப் போகாம பத்திரிகையை வெட்டுறது முறையா?"

"முறையில்லதான். போயிட்டு வந்து வெட்டு."

அது ஐந்து வருஷத்துக்கு முந்தைய கல்யாணம். மொக்கராசு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். "பூட்டிக் கிடக்குண்ணே. இன்னும் யாரும் வரல." கல்யாணம் முடியட்டும் என்று பத்திரிகைகளைப் பத்திரமாக எடுத்து வைத்தார்கள்.

அடுத்தது மாவிலை. சடையாண்டி மரத்தடியில் நின்றுவிட்டான்.

"தங்கச்சி என்ன சொல்லுச்சு? வீட்டுல இருக்கிறதை வச்சுத்தானே? இந்த மரம் வெளியில்ல நிக்குது?"

வேம்பும் வெளியில்தான் நின்றது. இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்து கவலைப்பட்டார்கள். கயிறு பிடித்து நின்ற விருமன்தான் வழி சொன்னான். "பறிச்சு உள்ள கொண்டுபோயி செத்த நேரம் வச்சு எடுத்தா, அது வீட்டுல இருந்ததுதானே?"

"இவனுக்கு மட்டும் எப்படிண்ணே இம்புட்டு மூளை?"

"கடைசிப் பிள்ளைல்ல. மிச்சம் இருந்ததை எல்லாம் இவனுக்கே கொடுத்துட்டாக."

ஆக, ஒவ்வொரு கிளையும் உள்ளே போனது, பாயில் படுத்தது, வெளியே வந்தது. மொக்கராசு கூரையில் போட்டான், சுவரில் சாத்தினான், ஜன்னலில் திணித்தான். சடையாண்டி தெருமுனைக்குப் போய்ப் போய்ப் பார்த்து, "இன்னும் வீடு தெரியுதுடா" என்று கத்தினான். மரங்கள் இரண்டும் மொட்டையாகிவிட்டன. கடைசியில் விருமன் ஒருத்தன்தான் பளிச்சென்று தெரிந்தான்.

"இவனை என்னண்ணே செய்ய?"

"இவனும் வீட்டு ஆளுதானே, மூடு."

அவன் தலையிலிருந்து கால்வரை வேப்பங்கொத்தைச் செருகிவிட்டு, அண்ணன்கள் இருவரும் உள்ளே போய் வாசலையும் உள்ளிருந்தே அடைத்துக்கொண்டார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் நாலு பேர் வெயிலில் வந்தார்கள். வந்தவர்கள் வீட்டைத் தாண்டிப் போனார்கள். திரும்பி வந்தார்கள், மறுபடியும் தாண்டிப் போனார்கள். உள்ளே மொக்கராசு பூரித்துப்போனான். "தெரியலண்ணே, அவங்களுக்குத் தெரியவே இல்ல."

மாப்பிள்ளையின் மாமா புதர் ஓரம் நிழலுக்கு ஒதுங்கி, "சடையாண்டி வீடு எங்கதான் இருக்கோ" என்று சலித்துக்கொண்டார்.

"அது உங்களுக்குத் தெரியக் கூடாது" என்றது புதர்.

நாலு பேரும் ஒரே ஓட்டமாக ஓடி, திறந்து கிடந்த முதல் வீட்டுக்குள் நுழைந்தார்கள். அது ஒச்சம்மா அத்தை வீடு. தண்ணீர் கொண்டுவந்தவள் செல்லக்கிளி. அண்ணன்மார் எங்கே என்று கேட்டதற்கு, "வேலையா இருக்காங்க" என்றாள் அத்தை. பேசிக் கெடுக்க ஆள் இல்லாததால் அரை மணி நேரத்தில் எல்லாம் பேசி முடித்து, பூவும் வைத்துவிட்டார்கள்.

அப்புறம் செல்லக்கிளி வீட்டைத் தேடி வந்தாள். அவளுக்கே தெரியவில்லை. உள்ளேயிருந்து, "தங்கச்சிக்கே தெரியலடா" என்று குதிக்கிற சத்தம் கேட்டுத்தான் கண்டுபிடித்தாள். அத்தனையையும் பிய்த்து எறிந்தாள். அன்றோடு மூன்று பேரிடமும் பேச்சை நிறுத்திவிட்டாள். அவள் பேசாததால் விருமனும் கயிற்றை விடவில்லை.

அடுத்த வாரம் புதன்கிழமை அதே வாசலில் பந்தல் போட்டுக் கல்யாணம். விருமன் ஒரு கையில் கயிறும் மறுகையில் அட்சதையுமாக நின்றான். அந்தக் கயிற்றில் மட்டும் கடைசிவரை ஓர் இலைகூட ஏறவில்லை.

பெண்ணும் மாப்பிள்ளையும் வண்டியில் ஏறும் நேரம். சடையாண்டியும் மொக்கராசும் ஆளுக்கொரு கட்டு காய்ந்த வேப்பங்கொத்தோடு பின்னால் ஏற வந்தார்கள்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"நாங்க வீட்டை மறைச்ச ராசியிலதான இந்தக் கல்யாணமே கூடி வந்துச்சு" என்றான் சடையாண்டி. "உங்க வீட்டையும் ஜோடிச்சுக் கொடுத்துட்டு, அப்படியே தங்கச்சி கையால சாப்பிட்டுக்கிட்டு அங்கேயே இருந்துடுவோம்."

செல்லக்கிளி வண்டியை விட்டு இறங்கினாள். பத்து நாளைக்குப் பிறகு வாயைத் திறந்தாள்.

"அண்ணே, பாவம், சின்னண்ணன் ஒத்தையாளாக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு கை பிடிங்க. நான் வந்து சொல்ற வரைக்கும் மூணு பேரும் விட்டுறாதீங்கண்ணே."