அரண்மனை வாசலில் வேப்பிலை

வண்டியில் போகிறவர்களைவிட நடந்து போகிறவர்களே அதிகமாக இருந்த ஒரு காலத்தில், நீர்மங்கலம் என்ற ஊரைக் கடம்பரசன் என்ற ராஜா ஆண்டுவந்தான். கெட்ட ராஜா இல்லை. குடிகளை வதைக்கமாட்டான், பக்கத்து நாட்டுக்கு வம்புக்குப் போகமாட்டான். ஒரே ஒரு குறைதான். தான் ஒன்றைச் சொல்லிவிட்டால் அது நடந்துவிட்டது என்றே நினைத்துக்கொள்வான். ராஜாக்களுக்கு மட்டும்தான் இந்தக் குறை என்று சிரிக்காதீர்கள். நம் வீடுகளிலும் இருக்கிறது.

நீர்மங்கலத்துக்கு ஒரு பெரிய ஏரி. ஏரி இருந்தால்தான் ஊருக்குச் சோறு. அந்த ஏரியின் கரை கிழக்குப் பக்கம் கரைந்து இளைத்துப்போயிருந்தது. மழைக்கு முன் மண் கொட்டி உயர்த்தவேண்டும். மண் சுமக்கிறவர்களுக்குக் கூலியாக அளப்பதற்கென்றே ராஜா களஞ்சியம் நிறைய நெல் சேர்த்துவைத்திருந்தான். இந்த நெல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அந்த வருஷக் கோடையில் உப்பு வண்டிகளோடு ஒரு காய்ச்சலும் ஊருக்குள் வந்து இறங்கியது. உடம்பு கொதிக்கும், இருமல் பிடிக்கும், மூச்சு இரைக்கும். சிலர் பிழைத்தார்கள், சிலர் பிழைக்கவில்லை.

ராஜா அரண்மனை வைத்தியர் ஆதிநாதரைக் கூப்பிட்டனுப்பினான். வைத்தியர் நேர்மையான மனிதர். தெரியாததைத் தெரியும் என்று சொல்லவில்லை.

"அரசே, இது மூச்சோடு மூச்சாகத் தாவுகிற காய்ச்சல். இதற்கு என்னிடம் மருந்து இல்லை. காய்ச்சல் கண்ட வீட்டார் வெளியே வராமல் இருந்தால், தாவ ஆள் கிடைக்காமல் தானாக ஓயும்" என்றார்.

நல்ல யோசனைதான். ராஜா உடனே முதல் ஆணையைப் போட்டான். தண்டோராக்காரன் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனான். காய்ச்சல் கண்ட வீட்டின் வாசலில் வேப்பிலை கட்டவேண்டும். அந்த வீட்டிலிருந்து யாரும் வெளியே வரக்கூடாது. அந்த வீட்டுக்குள் யாரும் போகவும் கூடாது.

மறுநாள் மந்திரி பொன்னம்பலவர் ஊரைச் சுற்றிவந்தார். "எத்தனை வீட்டில் வேப்பிலை?" என்று ராஜா கேட்டான். "ஒரு வீட்டிலும் இல்லை, பிரபு." அடுத்த நாளும் சுற்றிவந்தார். "எத்தனை வீட்டில்?" "ஒரு வீட்டிலும் இல்லை, பிரபு." அதற்கடுத்த நாளும் அதே கேள்வி, அதே பதில்.

"பார்த்தீரா! என் ஆணையைக் கேட்டதுமே காய்ச்சல் ஓடிவிட்டது" என்று ராஜா மீசையைத் தடவிக்கொண்டான்.

"ஆமாம், பிரபு" என்றார் மந்திரி. அந்த இரண்டு சொல்லும் மந்திரிகளுக்கு நன்றாக வரும்.

வைத்தியர் மட்டும் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். ஆற்றங்கரைச் சுடுகாட்டிலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது. "காய்ச்சல் ஓடிவிட்டதென்றால் அந்தப் புகை எதற்கு, அரசே?" என்று கேட்டார்.

ராஜாவுக்குக் கோபம் வந்தது. ஊரே தன்னை ஏமாற்றுகிறது என்று புரிந்துகொண்டான். ஏன் ஏமாற்றுகிறது என்று யோசிக்கவில்லை. அந்தக் கோபத்திலேயே இரண்டாவது ஆணையைப் போட்டான். காவலர்கள் வீடு வீடாகத் தேடுவார்கள். காய்ச்சலை மறைத்தவர் வீட்டில் அவர்களே வேப்பிலை கட்டிக் கதவையும் வெளியே தாழிடுவார்கள்.

இந்த ஆணையால் என்ன நடந்தது தெரியுமா? ஊரார் இன்னும் நன்றாக மறைக்கக் கற்றுக்கொண்டார்கள். ஒரு வீட்டில் இருமுகிறவரை நெற்குதிருக்குள் இறக்கி மூடினார்கள். ஒரு வீட்டில் மாட்டுக் கொட்டிலில் வைக்கோலுக்குப் பின்னால் படுக்கவைத்தார்கள். இன்னொரு வீட்டில் காய்ச்சல்காரரை விருந்துக்குப் போகச் சொல்லி அடுத்த ஊர் உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். காய்ச்சலும் கூடவே விருந்துக்குப் போயிற்று.

அப்படியும் ஒருத்தி பிடிபட்டாள். அவள் பெயர் செங்கமலம். கடைத்தெருவில் சுண்டல் விற்கிறவள். அவள் புருஷன் சடையன் வீட்டுக்குள் காய்ச்சலில் கிடந்தான். அவளோ வழக்கம்போல் கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கு வந்துவிட்டாள். சபைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். எல்லோரும் நாலடி தள்ளியே நின்றார்கள்.

"என் ஆணை உனக்குத் தெரியுமா, தெரியாதா?" என்றான் ராஜா.

"தெரியும் மகராசா. தண்டோரா எங்க தெருவுலதான் மொதல்ல போட்டாங்க."

"தெரிந்துமா வேப்பிலை கட்டவில்லை?"

"கட்டிட்டு உள்ள உக்காந்துட்டா சுண்டல் யாரு விப்பா? விக்கலைன்னா எதைத் திங்கறது? கெணத்துக்குப் போவக்கூடாதுன்னா தண்ணிக்கு எங்க போறது? காய்ச்சல்ல கெடந்தா பொழைச்சாலும் பொழைப்போம் மகராசா. பட்டினியில கெடந்தா எப்படிப் பொழைக்கறது?"

பதில் இல்லாதபோது பெரியவர்கள் என்ன சொல்வார்களோ அதைத்தான் ராஜாவும் சொன்னான். "ஆணை என்றால் ஆணைதான்."

காவலர்கள் அவளைக் கூட்டிப்போய் உள்ளே விட்டு, வேப்பிலை கட்டி, கதவைத் தாழிட்டார்கள். முதல் நாள் யாரோ ஜன்னல் வழியாக ஒரு செம்பு தண்ணீர் நீட்டினார்கள். பிறகு அவர்களுக்கும் பயம் வந்துவிட்டது. செங்கமலத்துக்கும் காய்ச்சல் கண்டது. அவள் எழுந்துவிட்டாள். சடையன் எழவில்லை.

அவனைக் காய்ச்சல் கொன்றதா, கஞ்சியும் தண்ணீரும் இல்லாதது கொன்றதா என்று வைத்தியரால் சொல்ல முடியவில்லை. நான் சொல்வேன். அந்தச் சாவில் ராஜாவுக்குப் பங்கு உண்டு. கெட்ட ராஜா இல்லை என்று முதலில் சொன்னதற்காக இதை மறைக்கமாட்டேன்.

சில நாளில் அரண்மனைக்குள்ளேயே இருமல் சத்தம் கேட்டது. ராஜாவின் ஒரே மகள் நித்திலாவுக்குக் காய்ச்சல். சின்னக் குழந்தை, அனலாய்க் கொதித்தது.

ராஜா பதறிப்போனான். ஜன்னல்களைச் சாத்தச் சொன்னான். பணிப்பெண்களைக் கூப்பிட்டு, ஒருவரும் வெளியே மூச்சு விடக்கூடாது என்றான். துறைமுகத்திலிருந்து முத்து வணிகர்கள் வருகிற நேரம் அது. அரண்மனை வாசலில் வேப்பிலையைப் பார்த்தால் அப்படியே திரும்பிப்போய்விடுவார்கள் என்று பயந்தான்.

ராணி செண்பகம் குழந்தையின் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிப் போட்டுக்கொண்டே கேட்டாள். "குழந்தைக்குக் காய்ச்சல் என்றதும் முதலில் என்ன செய்தீர்கள்?"

"ஜன்னலைச் சாத்தச் சொன்னேன்."

"அப்புறம்?"

"வெளியே யாருக்கும் தெரியக்கூடாது என்று சொன்னேன்."

"அப்புறம்?"

ராஜா சாத்திய ஜன்னலைத் திரும்பிப் பார்த்தான்.

"அந்தச் சுண்டல்காரி செய்ததும் இதைத்தானே? அவளுக்காவது அடுப்பு எரியாது என்ற பயம். நமக்கு என்ன பயம்? நம் களஞ்சியத்தில்தான் நெல் நிறைந்து கிடக்கிறதே" என்றாள் ராணி. குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் ராஜாவும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பான்.

ராஜாவுக்கு வெட்கமாக இருந்தது. ஊர் ஏன் ஏமாற்றியது என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. எழுந்துபோய் நந்தவனத்தில் தானே ஒரு வேப்பங்கொத்தை ஒடித்தான். ஊர் பார்க்க அரண்மனை வாசலில் தன் கையாலேயே கட்டினான். அரண்மனை மதில்மேல் நின்று மூன்றாவது ஆணையைச் சொன்னான்.

"எந்த வாசலில் வேப்பிலை கட்டியிருக்கிறதோ அந்த வாசலுக்கு அரிசி வரும், விறகு வரும், தண்ணீர் வரும். காய்ச்சல் விடும்வரை தினமும் வரும், அதுவரை வீட்டுக்குள்ளேயே இருங்கள். தேடுவதற்கு இனி ஒரு காவலரும் வரமாட்டார்."

மந்திரி வாசலில் நின்றபடியே மேலே பார்த்துக் கத்தினார். "பிரபு, அது ஏரிக்கரைக்கு வைத்த நெல்! கரை உடைந்தால் அடுத்த வருஷம் ஊரே பட்டினி!"

மந்திரியை இந்த இடத்தில் கேலி செய்யாதீர்கள். அவர் சொன்னது உண்மை. ஒரு பக்கம் இன்றைய உயிர், இன்னொரு பக்கம் நாளைய சோறு. இரண்டுக்கும் சேர்த்து நெல் இல்லை. எதைத் தொட்டாலும் இன்னொன்று குறையும். ராஜா ஏரிப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"கரை உடையலாம், உடையாமலும் போகலாம். சாவு இப்போதே நடந்துகொண்டிருக்கிறது. உயிரோடு ஆள் இருந்தால் கரைக்கு ஏதாவது ஒரு வழி பார்க்கலாம். களஞ்சியத்தைத் திறந்துவிடும், மந்திரியாரே" என்றான்.

அரிசியும் தண்ணீரும் சுமக்க ஆள் வேண்டும். காய்ச்சல் வந்து எழுந்தவர்களைக் காய்ச்சல் திரும்ப அண்டவில்லை, அவர்களே சுமக்கட்டும் என்றார் வைத்தியர். அப்படிச் சுமக்க வந்தவர்களில் செங்கமலமும் இருந்தாள்.

"நீயா?" என்று கேட்டார் வைத்தியர்.

"என் வூட்டு வாசலுக்கு வராத தண்ணி, மத்தவங்க வாசலுக்காவது போவட்டும் அய்யா" என்று சொல்லிவிட்டு அவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் நீர்மங்கலத்தைப் பார்க்கவேண்டுமே! தெருவெல்லாம் பச்சை. வேப்பமரங்களெல்லாம் மொட்டையாக நின்றன. காய்ச்சல் கண்டவன் கட்டினான். தும்மினவனும் கட்டினான். தும்மக்கூட இல்லாதவனும் கட்டினான். வெற்றிலைக்கடை மாசிலாமணி கல்லுக்குண்டாக இருந்தார். அவர் கொத்து போதாதென்று ஒரு கிளையையே வெட்டிவந்து வாசலில் சாத்திவைத்தார். வந்த அரிசியைப் பொங்கித் திருப்தியாகச் சாப்பிட்டார். சாப்பாடானதும் தாயம் ஆடலாம் என்று குளத்து மண்டபத்துக்குக் கிளம்பினார்.

தெருக்கோடியில் காவலர் மறித்தார். "காய்ச்சல்காரரே, எங்க கெளம்பிட்டீங்க?"

"எனக்குக் காய்ச்சலெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. சும்மா கட்டினேன்."

"அப்போ அரிசியைத் திருப்பிக் குடுங்க."

அரிசி எங்கே இருக்கிறது, வயிற்றில் அல்லவா இருக்கிறது! மாசிலாமணி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போனார். மண்டபத்தில் தாயம் ஆடுகிற மற்ற மூன்று பேரும் அதேபோல வேப்பிலை கட்டிவிட்டு அவரவர் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார்கள்.

மந்திரி அரண்மனை வாசலுக்கு ஓடிவந்தார். "பிரபு, பாதி வீடுகளில் பொய்! நெல் போகிறது! பொய் சொன்னவர்களைப் பிடித்துத் தண்டிக்கட்டுமா?"

ராஜா வெகுநாளைக்குப் பிறகு சிரித்தான். "நிஜக் காய்ச்சல்காரனும் வீட்டுக்குள் இருக்கிறான், பொய்க் காய்ச்சல்காரனும் வீட்டுக்குள் இருக்கிறான். தெருவில் யாரும் இல்லை. காய்ச்சல் இனி யார்மேல் தாவும்?"

அப்படியே ஆயிற்று. சுடுகாட்டுப் புகை மெல்லியதாகி ஒருநாள் நின்றேபோயிற்று. குழந்தை நித்திலா கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டாள். வாசல்களில் வேப்பிலை காய்ந்து உதிர்ந்தது. களஞ்சியத்தில் நெல்லும் தீர்ந்தது. அங்கிருந்த எலிகள்கூட வேறு இடம் பார்த்துப் போய்விட்டன.

மழை முன்கூட்டியே வந்தது. ஏரி நிரம்பிக் கிழக்குக் கரையை முட்டியது. "நான் அப்போதே சொன்னேனே, பிரபு" என்றார் மந்திரி. மந்திரிகளுக்கு இந்தச் சொல்லும் நன்றாக வரும்.

கூலி இல்லாமல் ஊரை வேலைக்குக் கூப்பிட ராஜாவுக்கு வாய் வரவில்லை. தண்டோரா போடச் சொல்லவில்லை. கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு கூடையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு தனியாகக் கரைக்குப் போனான். கொட்டுகிற மழையில் மண்ணை வெட்டிப் போட்டான். ஒரு ராஜா வெட்டுகிற மண் எவ்வளவு மண்!

நிமிர்ந்து பார்த்தால், தெருமுனையில் மாசிலாமணி கடப்பாரையோடு வந்துகொண்டிருந்தார். "சும்மா தின்ன அரிசி செரிக்க வேணாமா மகராசா" என்றார். அவருக்குப் பின்னால் தாயக் கூட்டம் வந்தது. அதற்குப் பின்னால் ஊரே வந்தது. வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி மண்கூடைகளைக் கரைக்கு ஏற்றினார்கள்.

ராஜாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றவள் செங்கமலம். "அம்மா, உன் புருஷன்..." என்று ஆரம்பித்தான்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. "நின்னு பேசிக்கிட்டிருக்காதீங்க மகராசா. கூடையை வாங்குங்க. தண்ணி ஏறுது."

ராஜா கூடையை வாங்கி அடுத்த கைக்குக் கொடுத்தான்.

கிழக்குக் கரை முழுசாகத் தப்பவில்லை. அதன் தெற்கு மூலையில் உடைந்து சில வயல்கள் அழிந்தன. அந்த வருஷம் நீர்மங்கலத்தில் எல்லோருக்கும் கம்பங்கூழ்தான், அரண்மனையிலும் அதேதான். செங்கமலம் ராஜாவை மன்னித்தாளா என்று என்னைக் கேட்காதீர்கள். அது அவளுக்குத்தான் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு அந்த ஊரில் எந்த வாசலில் வேப்பிலை தொங்கினாலும், அதன் கீழே படியில் ஒரு குடம் தண்ணீரும் மூடிவைத்த சோறும் இருந்தன. கட்டச் சொல்லி ஆணை எதுவும் தேவைப்படவில்லை.

இதனால் நாம் அறியவேண்டியது: எல்லோருடைய நன்மைக்காகவும் ஒருவரைக் கதவடைத்து உள்ளே இருக்கச் சொல்கிறவர்கள், அந்தக் கதவடியில் சோறும் தண்ணீரும் கொண்டுபோய் வைக்கக் கடமைப்பட்டவர்கள்.