பிடிக்குள் இருந்த இடம்

ஒரு மலையடிவாரத்தில் மாங்கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டும் தோட்டம் ஒன்று இருந்தது. அங்கே வேலை செய்த பால்ச்சாமியிடம் ஒரு மடக்குக் கத்தி இருந்தது. நல்ல மரத்துக் குச்சியை எடுத்துச் சீவுவது அவர் வேலை. சீவிய குச்சியைக் கன்றோடு பொருத்தி நாடா சுற்றுவது அவர் மனைவி வெள்ளைத்தாயின் வேலை.

கத்திக்குள் மூன்று பேர் குடியிருந்தார்கள். சீவுகிற அலகு, அதைத் தாங்குகிற பிடி, இரண்டையும் சேர்த்து வைத்திருக்கிற ஆணி. பிடி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு மெல்லிய தகடுகள், நடுவே ஒரு சந்து, அவ்வளவுதான். காலையில் அலகு அந்தச் சந்திலிருந்து எழுந்து வேலைக்குப் போகும். பொழுது சாய்ந்ததும் திரும்பி வந்து அதற்குள்ளேயே படுத்துக்கொள்ளும்.

கொட்டகைச் சுவரில் ஒரு மண்வெட்டி சாய்ந்திருந்தது. அதன் காம்பு கருவேலங்கட்டை. பிடியைப் பார்க்கும்போதெல்லாம் அது ஏதாவது சொல்லும். தட்டினால் டங்கென்று கேட்கிறதே, நீ தகர டப்பாவா என்று கேட்கும். "நான் அடியிலேருந்து நுனி வரைக்கும் கட்டை. உனக்கு உள்ளே என்ன தம்பி இருக்கு?"

பிடிக்கு அது சுருக்கென்று தைக்கும். பால்ச்சாமி அழுத்திப் பிடிக்கும்போது தன் தகடுகள் நெளிவது அதற்கே தெரியும். ஆண்டவனே, எனக்குள்ளும் எதையாவது நிரப்பு என்று தினமும் வேண்டிக்கொண்டது.

கேட்டது கிடைத்தது. கத்தி கையில் நிற்கவில்லை என்கிற குறை பால்ச்சாமிக்கும் இருந்தது. அவர்கள் வீட்டில் அரிவாள் பிடி ஆடினால் அரக்கை உருக்கி ஊற்றுவார்கள். ஆட்டம் நின்றுவிடும். அதே கைப்பழக்கத்தில் அவர் கத்தியை விரித்து வைத்து, சந்து நிறைய அரக்கை ஊற்றினார். வெள்ளைத்தாய் எட்டிப் பார்த்து, அப்புறம் எப்படி மடக்குவீர்கள் என்று கேட்டாள். அரிவாளை யாராவது மடக்குகிறார்களா என்றார் அவர். இது அரிவாள் இல்லையே என்று சொல்லிவிட்டு அவள் நாடா கிழிக்கப் போய்விட்டாள்.

அரக்கு இறுகியது. பிடி கனத்தது. தட்டினால் சத்தமே இல்லை. பால்ச்சாமி கையில் வைத்துப் பார்த்து, இப்போதுதான் கத்தி மாதிரி இருக்கிறது என்றார். மண்வெட்டி அன்று வாயைத் திறக்கவில்லை. பகல் முழுக்கப் பிடி நிமிர்ந்து நின்று வேலை பார்த்தது.

பொழுது சாய்ந்தது. அலகு வழக்கம்போல் வீடு திரும்பி, வாசலிலேயே முட்டிக்கொண்டு நின்றது.

"அண்ணே, கொஞ்சம் தள்ளிக்கிறியா?"

"தள்ளிக்க இடமில்லையே," என்றது பிடி. அதைச் சொல்லும்போதும் அதற்குப் பெருமைதான்.

அலகு சண்டை போடவில்லை. சரி, வெளியிலேயே இருந்துகொள்கிறேன் என்றது. ஆணிக்குத்தான் மனசு கேட்கவில்லை. நிறைந்தது நல்லதுதான், ஆனால் அது படுக்கிற இடத்தையல்லவா நிரப்பிக்கொண்டாய் என்று முணுமுணுத்தது. பிடி காதில் வாங்கவில்லை.

அன்று முதல் அலகு வேலைக் கூடையில், களைக்கொத்தோடும் தீட்டுக்கல்லோடும் திறந்தபடி கிடந்தது. கூடை அசையும்போதெல்லாம் எதன் மீதாவது மோதும். மூன்றாம் நாள், நாடாவைத் தேடிக் கையை விட்ட வெள்ளைத்தாயின் விரலைக் கிழித்துவிட்டது. அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு பால்ச்சாமியை ஒரு பார்வை பார்த்தாள். அலகை ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வாரம்தான் பஸ் நிறுத்தத்து மாமரத்தைச் சாலைக்காக வெட்டினார்கள். எல்லா மரமும் காய்த்து ஓய்ந்த பிறகு பழுக்கிற மரம் அது. அந்த ருசி சுற்று வட்டாரத்தில் வேறு எதிலும் கிடையாது. விழுந்த மரத்திலிருந்து நாற்பது குச்சிகளை நறுக்கி, ஈரச் சாக்கில் சுற்றிப் பால்ச்சாமி கொண்டுவந்தார். அவை வாடுவதற்குள் கட்டியாக வேண்டும். பிழைத்தால் அந்த மரம் உலகத்தில் உண்டு. இல்லையென்றால் இல்லை.

முதல் குச்சியைச் சீவினார். வெள்ளைத்தாய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கட்டாமல் கீழே வைத்தாள். அடுத்ததையும் வைத்தாள். ஏழு குச்சிகள் அப்படியே போயின.

"பல்லு பல்லா இருக்குங்க. கண்ணாடி மாதிரி இருந்தாத்தானே ஒட்டும்?"

அவர் கல்லில் தீட்டினார். அலகு தெளிந்தது. கத்தியைக் கூடையோரம் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்து வருவதற்குள், அது சரிந்து களைக்கொத்தில் விழுந்து மறுபடி மழுங்கியது. இன்னும் மூன்று குச்சிகள் போயின. மிச்சம் முப்பது.

"அதுக்குன்னு ஒரு வீடு இருந்துச்சு," என்றாள் வெள்ளைத்தாய். "நீங்கதான் அடைச்சுட்டீங்க."

பால்ச்சாமி கத்தியை எடுத்துக்கொண்டு போய் அடுப்பை மூட்டினார். சூட்டில் அலகு கெட்டுவிடக் கூடாதென்று குச்சி சுற்றி வந்த ஈரச் சாக்கின் ஓரத்தைக் கிழித்து அதைச் சுற்றினார். பிடியை மட்டும் நெருப்பில் காட்டினார்.

அரக்கு லேசில் விடவில்லை. என்னை விட்டால் நீ பழையபடி தகரம்தான், யோசித்துக்கொள் என்றது. பிடி, சாக்குக்குள் நனைந்து கிடந்த அலகைப் பார்த்தது. உடம்பெல்லாம் கீறலும் காயமுமாக இருந்த அது, இன்னும் ஒரு வார்த்தை குறை சொல்லியிருக்கவில்லை.

"தகரமாவே இருந்துட்டுப் போறேன். நீ இறங்கு."

அரக்கு சொட்டுச் சொட்டாக இறங்கியது.

கை பிடிப்பது வெளியேதானே, வெளியே கட்டினால் என்ன என்று வெள்ளைத்தாய்தான் கேட்டாள். விழுந்த மரத்திலிருந்து குச்சிகளோடு வந்த ஒரு கிளைத் துண்டிலேயே இரண்டு சில்லுகளைச் செதுக்கி, தகடுகளுக்கு இரண்டு பக்கமும் வைத்து, ஒட்டுக் கட்டுவது போலவே அவள் இறுக்கிச் சுற்றினாள். பிடி உள்ளங்கை நிறைய நின்றது. அழுத்தினாலும் நெளியவில்லை. பால்ச்சாமி அலகைத் தீட்டினார். தண்ணீர் குடிக்க எழுந்தபோதெல்லாம் அதை மடக்கி உள்ளே வைத்துவிட்டுப் போனார். முப்பது குச்சிகளையும் அன்றே கட்டி முடித்தார்கள்.

மூன்று வாரம் கழித்து இருபத்தாறு கன்றுகளில் செந்தளிர் விட்டது.

மண்வெட்டியால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. வெளியே என்னதான் கட்டை வைத்துக் கட்டினாலும் உள்ளே இன்னும் காலிதானே தம்பி என்று கேட்டது. அப்போது அலகு வெளியே, வேறொரு குச்சியைச் சீவிக்கொண்டிருந்தது.

"காலி இல்லண்ணே," என்றது பிடி. "ஆளு வேலைக்குப் போயிருக்கு."