வெண்சாரல் லாட்ஜுக்கு வந்த மூன்று போன்கள்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு உண்டு. நிச்சயமாக உண்டு. ஆனால் கடைசியில்தான் வரும். அவசரக்காரர்கள் போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

குற்றாலத்தில் வெண்சாரல் லாட்ஜை அந்த வருஷம்தான் குத்தகைக்கு எடுத்திருந்தார் குற்றாலிங்கம். வயது ஐம்பத்து மூன்று. பன்னிரண்டு அறைகள். ஆனி, ஆடி, ஆவணி என்று மூன்று மாதம் சாரல் அடிக்கும். அந்த மூன்று மாதமும் அறைகள் நிறைந்தால் அடுத்த வருஷமும் லாட்ஜ் அவர் கையில். நிறையாவிட்டால் சாவிக்கொத்து வேறு கைக்குப் போய்விடும்.

அவருக்கு ஒரு குரு இருந்தாள். பெயர் ஆமினா பர்வீன். வயது பதினேழு. பிளஸ் டூ எழுதிவிட்டு, தென்காசியில் அண்ணன் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். மின்வாரிய ஆபீசர் குரலில் போன் செய்து, 'மீட்டர் பார்க்க வாரோம்' என்று சொந்த அண்ணனையே ஒரு நாள் பூரா வீட்டுக்குள் உட்கார வைத்தவள்.

அவருக்கு அவள் டீச்சர். அவளுக்கு அவர் அண்ணாச்சி. வகுப்புக்கு ஐந்து நிமிஷம் பிந்தினால் நோட்டில் 'லேட்' என்று எழுதுவாள். அண்ணாச்சி தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்.

மூன்று மாதம் படித்து, லாட்ஜுக்கென்று ஒரு வெப்சைட் செய்திருந்தார் அவர். செய்தது வெப்சைட் அல்ல, அருவி. பக்கத்தைத் திறந்தால் முதலில் பச்சை மலை. மலை உச்சியிலிருந்து 'ஹோ'வென்று தண்ணீர் விழும். பாறையில் பட்டுத் தெறிக்கும் துளிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து 'வெண்சாரல் லாட்ஜ்' என்று எழுத்தாகும். கடைசியில் புகை விலகி போன் நம்பர் மிதந்து வரும்.

பிளக்-இன் என்று தனியாக ஒரு குட்டி சாஃப்ட்வேர் போட்டிருந்தால்தான் அந்த அனிமேஷன் ஓடும். சென்டர் கம்ப்யூட்டரில் போட்டிருந்தது. ஓடியது. முதல் தடவை ஓடியபோது அண்ணாச்சி, சாரல் பட்ட மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நம்பரை வெளியவும் ஒரு தடவை போடுங்க, அண்ணாச்சி," என்றாள் ஆமினா அன்றைக்கே.

"அழகு கெட்டுப்போகும், டீச்சர்."

"போன்ல திறந்து பாத்தீங்களா?"

"போன்ல யாரு அருவி பாப்பாக? போன் பேசத்தானே?"

அவருடையது பொத்தான் வைத்த போன். பேசும், டார்ச் அடிக்கும். தொடுதிரை போன் அப்போதுதான் வெளியூர்க்காரர்கள் கையில் வந்துகொண்டிருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. தென்காசி பஸ் ஸ்டாண்டில் சாவிக்கொத்தைக் குலுக்கி ஆள் பிடிக்கும் வேலையாளை இனி வேண்டாமென்று அனுப்பினார். அங்கே இருந்த லாட்ஜ் போர்டுக்குப் புதுப் பெயிண்ட் அடித்தார். போன் நம்பரை அழித்துவிட்டு, வெப்சைட் முகவரியை மட்டும் ஒரு முழ உயரத்துக்கு எழுதச் சொன்னார். நம்பர்தான் அருவியில் வருமே.

ஆனி பிறந்தது. சாரல் பிடித்தது. ஐந்தருவியில் தண்ணீர் கொட்டியது. தெருவெங்கும் எண்ணெய்த் தலையும் ஈரத் துண்டுமாக ஜனம். எதிர் லாட்ஜில், முன்கூட்டியே போனில் சொல்லிவைத்து வந்தவர்களுக்கு வராந்தாவிலும் பாய் போட்டார்கள்.

வெண்சாரலில் பன்னிரண்டு சாவிகளும் ஆணியில் தொங்கின.

சீசனில் குற்றாலத்து லாட்ஜ் போன் ஓயவே ஓயாது. ரூம் கேட்பவர்களைவிட, 'தண்ணி விழுதா?' என்று கேட்பவர்கள் அதிகம். கிளம்பும் முன் எல்லாருக்கும் அது தெரிந்தாக வேண்டும். அந்தக் கேள்விகூட வரவில்லை. அண்ணாச்சி கவுண்டரில் இருந்த பழைய போனின் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பார். 'கொர்ர்' என்று சத்தம் வரும். லைனுக்கு உயிர் இருந்தது.

பத்தாம் நாள் வகுப்புக்கு வந்தவர் ஸ்டூலில் உட்காரவில்லை.

"டீச்சர், எதிர் லாட்ஜ்காரன் சொல்லுதான். இந்த மாதிரி அருவியெல்லாம் போன்ல ஓடாதாம். பொறாமையில சொல்லுதானா, நெசமா? அருவியை வச்சுக்கிடவா, எடுத்திரவா?"

ஆமினா கீபோர்டைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினாள். யாரோ தின்ற மிக்சர் உதிர்ந்தது.

"ஒரு சிரிப்பு இருக்கு, அண்ணாச்சி."

"என்ன சிரிப்பு?"

"நாளைக்கு."

சிரிப்பு இல்லாமலே அண்ணாச்சி வீட்டுக்குப் போனார். நீங்களும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு லாட்ஜ் போன் அடித்தது. அண்ணாச்சி பாய்ந்து எடுத்தார்.

"வெண்சாரலாய்யா?" இழுத்து இழுத்து ஒரு கிழவர் குரல். நடுவே இருமல். "ராஜபாளையத்துல இருந்து குடும்பத்தோட வந்திருக்கேன். தண்ணி விழுதா?"

"கொட்டுது, ஐயா!"

"இதுல கொட்டலையே. பேரன் போன்ல உங்க பக்கத்தைத் திறந்தான். சாம்பல் கலர்ல ஒரு கட்டம். நடுவுல ஒரு கேள்விக்குறி. ரூம் உண்டா, நம்பர் என்ன, ஒரு எழவும் தெரியல."

"அதுக்கு பிளக்-இன் போடணும், ஐயா."

"என்னத்தப் போடணும்?"

"பிளக்-இன்."

"நான் வேட்டி கட்டிட்டு பஸ் ஸ்டாண்டுல நிக்கேன். இங்க வச்சு என்னத்தப் போடச் சொல்லுதீரு?"

"அது வேண்டாம், ஐயா. நேரா வாங்க. ரூம் இருக்கு."

"கேள்விக்குறி போட்ட இடத்துக்கு எப்படிய்யா பொம்பளை பிள்ளைகளோட வர?"

வைத்துவிட்டார்.

அண்ணாச்சி ரிசீவரைப் பார்த்தார். வருத்தம்தான். ஆனாலும் பத்து நாளாகச் செத்துக் கிடந்த போன் அடித்துவிட்டது. மனைவியைக் கூப்பிட்டு, அறைகளை இன்னொரு தடவை பெருக்கச் சொன்னார்.

பதினோரு மணிக்கு ஒரு மலையாளத்துப் பெண்மணி. பின்னால் குழந்தை அழும் சத்தம்.

"சேட்டா, ஞங்கள் புனலூர்ல நின்னு வருந்நு. அருவில வெள்ளம் உண்டோ?"

"நல்லா உண்டும்மா!"

"பின்னே இதுல காணுந்நில்லல்லோ. போன்ல அருவி காட்டாம்னு சொல்லி, குட்டி விரல் வச்சு தேச்சு தேச்சு இப்போ கரச்சில்."

"ஒரு நிமிஷம்மா, ரூம்..."

அழுகை பெரிதானது. லைன் அறுந்தது.

மூன்றாவது போன் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. மெட்ராஸ் பையன்.

"ப்ரோ, அஞ்சு பேரு பைக்ல வரோம். உங்க சைட்டு தொறந்தா ஒண்ணுமே இல்ல. நம்பர்கூட இல்ல. வெறும் பொட்டி. சார்ஜ் வேற போவுது."

"தம்பி, கம்ப்யூட்டர்ல பாத்தீங்கன்னா..."

"பைக்ல எங்க ப்ரோ கம்ப்யூட்டர்? எதிர் லாட்ஜ் சைட்டுல வெறும் எழுத்துதான். பாக்கவே சகிக்கல. ஆனா நம்பர் இருக்கு. அங்கயே போறோம். சும்மா சொல்லிட்டுப் போலாம்னு."

அண்ணாச்சி பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். நாலு மணி வகுப்புக்கு மூன்றரைக்கே போய் நின்றார். ஆமினா நோட்டில் எதுவும் எழுதவில்லை.

"டீச்சர், இன்னைக்கு மூணு போன் வந்துச்சு."

"சந்தோஷம், அண்ணாச்சி."

"என்னத்த சந்தோஷம். மூணு பேருக்கும் அருவி விழல. ஒரு கட்டமாம், கேள்விக்குறியாம். ஒரு பெரியவரு என்னைய வைதுட்டு வைக்காரு. ஒரு பிள்ளை அழுது."

"உக்காருங்க. மூணு பேருக்கும் அருவி தெரியலயா?"

"தெரியல."

"நம்பர்?"

"அது எப்படித் தெரியும்? அருவிக்குள்ளல்லா இருக்கு."

"பஸ் ஸ்டாண்டு போர்டுல?"

"அங்க அழிச்சாச்சே, டீச்சர்."

"வேற எங்கயாவது நம்பர் இருக்கா?"

"எங்கயும் இல்ல."

"சரி." ஆமினா மவுஸின் வயரை விரலில் சுற்றிக்கொண்டாள். "மூணு பேரும் இதெல்லாம் உங்ககிட்ட எப்படிச் சொன்னாங்க?"

"போன் பண்ணித்தான்."

"எந்த போனுக்கு?"

"என்ன டீச்சர் இது, லாட்ஜ் போனுக்குத்தான். பின்ன..."

அண்ணாச்சியின் வாய் திறந்தபடி நின்றது.

ஆமினா தொண்டையைச் செருமிக்கொண்டாள். ஒரு இருமல் இருமினாள். "நான் வேட்டி கட்டிட்டு பஸ் ஸ்டாண்டுல நிக்கேன்," என்றது ராஜபாளையத்துக் கிழவர் குரல்.

அண்ணாச்சி சிரித்தார். ஸ்டூல் ஆடியது. பக்கத்து மேஜையில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அந்தப் புனலூர் அம்மா?"

"ஞான் தன்னே, சேட்டா."

"குழந்தை?"

ஆமினா அழுது காட்டினாள்.

"மெட்ராஸ்காரன்?"

"சொல்லு ப்ரோ."

அண்ணாச்சி துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாதகத்தி. மூணு பேரும் நீதானா. நான் பாரு, மூணு பேராவது பேசினாகளேன்னு பன்னிரண்டு ரூமையும் பெருக்க வச்சு..."

சிரிப்பு அங்கேயே நின்றது.

வலது கையை மடியில் வைத்து விரல்களை மடக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது விரலை மடக்க ஆள் இல்லை. மடக்கிய மூன்றையும் மெதுவாக விரித்தார். கை காலியாக இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே குற்றாலம் பஸ் ஒன்று சாரலில் நனைந்தபடி திரும்பியது. தோளில் துண்டோடு உட்கார்ந்திருந்தவர்கள் ஆளுக்கொரு போனைக் குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர்," என்றார். "அப்படின்னா பத்து நாளா ஒருத்தர்கூட..."

"உங்க நம்பர் தெரிஞ்ச ஆள் நான் ஒருத்திதான், அண்ணாச்சி," என்றாள் ஆமினா. "மூணு தடவை பண்ணிட்டேன்."