கஸ்பார் கொண்டுபோன தட்டு

"சாமி, கோவம் போறதுக்கு என்ன செபம் சொல்லணும்?"

கேட்டவர் கஸ்பார். அறுபது வயது, கடல் தொழில். பங்குச் சாமியார் ஜெரால்டுக்கு அவருடைய மூத்த மகன் வயதுதான் இருக்கும்.

"யார் மேல கோவம்?"

"தம்பி தொம்மை மேல. அவன் வலையும் என் வலையும் கடல்ல பின்னிக்கிச்சு. அவன் தன் வலையை அறுக்கலை சாமி, என் வலையை அறுத்தான்! மூணு வருசமா பேச்சு இல்லை."

"சரி."

"புதன்கிழமை என் மகளுக்குக் கல்யாணம். சித்தப்பாவைக் கூப்பிடுங்கப்பான்னு அழுவுறா. எனக்கு மனசு வரலை. செபமாலையைக் கையில எடுத்தாலே அவன் மூஞ்சிதான் வந்து நிக்குது."

சாமியார் செபம் எதுவும் சொல்லித் தரவில்லை.

"ஞாயித்துக்கிழமை பூசையில நீங்க அப்பத்தட்டு கொண்டு வாங்க" என்றார்.

கஸ்பாருக்குப் பெருமை தாங்கவில்லை.

ஞாயிறு வந்தது. காணிக்கைப் பாட்டு தொடங்கியதும், பூசை அப்பம் வைத்த தட்டை ஏந்திக்கொண்டு பீடத்துக்கு முன்னால் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை.

சாமியார் கை நீட்டவில்லை.

"தம்பி எங்கே?" என்று மெல்லக் கேட்டார்.

"நான் வர்ற பூசைக்கு அவன் வர மாட்டான் சாமி."

"அப்ப நான் காத்திருக்கேன்."

போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பாட்டு முடிந்தது. பாடகர் குழு வேறு வழியில்லாமல் மறுபடியும் முதலிலிருந்து பிடித்தது. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. கஸ்பாருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. எல்லாம் யாரால்? அந்தப் பாவியால்!

விடுவிடுவென்று கோயிலை விட்டு இறங்கினார். இன்றைக்கு அவனை நாலு அறை அறைந்தால்தான் ஆத்திரம் தீரும். நடந்த வேகத்தில், கையிலிருந்த தட்டைக் கீழே வைக்கத் தோன்றவில்லை.

தொம்மையின் மனைவி சலேத்து வாசலில் நின்று பார்த்தாள். அந்தக் கரையில் சொந்தக்காரர் தட்டு ஏந்தி வாசலுக்கு வந்தால் ஒரே அர்த்தம்தான், கல்யாணத்துக்கு அழைக்க வருகிறார்.

"ஏங்க, ஓடியாங்க! அத்தான் தட்டோட வர்றாங்க! நம்மளை அழைக்க வர்றாங்க!"

தொம்மை வெளியே வந்தார். தட்டைப் பார்த்தார். அண்ணன் முகத்தைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினார்.

"தப்பு என் மேலதான்ண்ணே. அலை அடிச்ச அடியில பயந்து, கைக்குக் கிடைச்சதை அறுத்துட்டேன். மன்னிச்சிரு."

கஸ்பாரின் வாய்வரை வந்த வசவு அங்கேயே நின்றது.

"புதன்கிழமை பத்து மணிக்குப் பூசை" என்றார் கடைசியில். "நீ முன்னால நிக்கணும்."

தட்டைத் தம்பி பக்கம் நீட்டினார்.

தட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு இருவரும் கோயிலுக்கு வந்தார்கள். சாமியார் எழுந்து வந்தார்.

கஸ்பாருக்கு மனசு உறுத்தியது.

"சாமி, நான் அழைக்கப் போகலை. அடிக்கத்தான் போனேன்."

"அதை ஏன் என்கிட்ட சொல்றீங்க?"

கஸ்பார் தம்பி பக்கம் திரும்பினார். தலை நிமிரவில்லை.

"அழைக்க வரலைடா. அடிக்கத்தான் வந்தேன்."

"தெரியும்ண்ணே" என்றார் தொம்மை. "அழைக்கிற தட்டுன்னா வெத்தலை பாக்குல்ல இருக்கும். உன் தட்டுல பூசை அப்பம் இருந்துச்சு. பாத்துட்டுத்தான் கை நீட்டுனேன்."